அடுத்த அறைக்குச் சென்ற ஆங்கிலம்: தில்லிக் கல்லூரியும் மாஸ்டர் ராமச்சந்திராவும்

இந்தியாவில் ஆங்கிலக் கல்வியின் வரலாற்றைப் பேசத் தொடங்கினால் 1835ஆம் ஆண்டும் மெக்காலேயின் குறிப்பும் முன்வந்து நிற்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் அந்தக் குறிப்பு எழுதப்படுவதற்கு ஏழாண்டுகள் முன்பே, 1828இல், தில்லியில் அரசின் ஆதரவோடு ஓர் ஆங்கில வகுப்பு தொடங்கிவிட்டது. அரபு, பாரசீகம், சமஸ்கிருதம் ஆகியவற்றைக் கற்பித்துவந்த ஒரு நிறுவனத்தின் பக்கத்தில் அது தொடங்கப்பட்டது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அந்த வகுப்பு வளர்ந்தது, தனிப் பிரிவானது, அழிந்தது, மீண்டும் திறக்கப்பட்டது, இறுதியாக நகரைவிட்டே அகற்றப்பட்டது.

இந்த வரலாறு பெரும்பாலும் கொள்கைகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. கீழைமொழியாளர்கள் ஒரு பக்கம், ஆங்கிலவாதிகள் மறுபக்கம் என்ற விவாதத்தில் வகுப்பறை மறைந்துவிடுகிறது. அரசுப் பள்ளி ஒன்றில் ஆங்கிலப் பிரிவை நடத்துவது என்றால் என்ன, அதன் பொறுப்பாளர் எதற்குப் பொறுப்பானவர், அந்தப் பிரிவு வெற்றி பெற்றதா இல்லையா என்பதை எதைக்கொண்டு அளப்பது ஆகிய கேள்விகளுக்குத் தில்லிக் கல்லூரியின் அனுபவம் தெளிவான விடையொன்றைத் தருகிறது. அந்த விடை ஆங்கிலப் பிரிவின் அறைக்குள் இல்லை. அதற்கு அடுத்த அறையில் இருக்கிறது.

1. அஜ்மேரி வாயில் மதரசா

தில்லி அஜ்மேரி வாயிலுக்கு அருகே, ஐதராபாத்தின் முதல் நிஜாமுடைய தந்தையான காசியுத்தீன் கான் கட்டிய மதரசா இருந்தது. அவருடைய கல்லறையும் ஒரு மசூதியும் அதே வளாகத்தில் உள்ளன. முகலாய ஆட்சி தளர்ந்த காலத்தில் மதரசாவும் நலிந்தது. 1813ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் இந்தியரின் கல்விக்காக ஆண்டுக்கு ஒரு இலட்ச ரூபாய் ஒதுக்க வேண்டும் என்று கூறிற்று. அந்தப் பணத்தை எப்படிச் செலவிடுவது என்று முடிவு செய்யக் கல்கத்தாவில் பொதுக்கல்விக் குழு 1823இல் அமைந்தது. அதன் விளைவாக 1825இல் இந்த மதரசாக் கட்டடத்தில் தில்லிக் கல்லூரி உருவாயிற்று. கல்லூரி என்று பெயரிருந்தாலும், சிறுவர்கள் முதல் இளைஞர்கள் வரை பயின்ற அது இன்றைய அளவில் உயர்நிலைப் பள்ளியும் கல்லூரியும் கலந்த ஒன்று.

1828இல் ஆங்கில வகுப்பைச் சேர்க்கும் முயற்சிக்குச் சார்லஸ் மெட்காஃப் ஆதரவளித்தார். அவருக்கு உதவியாளராக இருந்த சார்லஸ் டிரெவெல்யனுக்கு அப்போது வயது இருபத்தொன்று. ஆங்கிலமே இந்தியாவை மாற்றும் என்று உறுதியாக நம்பிய அவர், பின்னாளில் மெக்காலேயின் தங்கையை மணந்து, கல்விக் கொள்கை விவாதத்தில் அவருக்குத் தோள் கொடுத்தவர்.

நகரத்து மேன்மக்களிடம் ஐயம் இருந்தது. ஆங்கிலம் படித்தால் பிள்ளைகள் மதம் மாறிவிடுவார்கள் என்ற அச்சம் முஸ்லிம்களிடமும் இந்துக்களிடமும் பரவியிருந்தது. இந்தச் சூழலில் 1829இல், அயோத்தி அரசின் அமைச்சராக இருந்த நவாப் இத்திமாதுத்தௌலா கல்லூரிக்கு ஒரு இலட்சத்து எழுபதாயிரம் ரூபாய் நன்கொடை அளித்தார். அரபு, பாரசீகக் கல்வி தழைக்க வேண்டும் என்பது அவருடைய நோக்கம். அந்தப் பணம் எதற்குச் செலவிடப்படுகிறது என்ற கேள்வி பின்னர் நெடுங்காலம் தொடர்ந்தது. ஒரே நிறுவனத்திற்குள் இரண்டு பிரிவுகள், இரண்டு வகை ஆதரவாளர்கள், இரண்டு வகை எதிர்பார்ப்புகள் என்ற நிலை தொடக்கத்திலேயே அமைந்துவிட்டது.

2. முதல் மாணவர்களும் முதல் அளவுகோலும்

ஆங்கில வகுப்பின் முதல் மாணவர்களில் இருவர் வரலாற்றில் இடம்பெற்றவர்கள். ஒருவர் மோகன்லால் காஷ்மீரி, மற்றவர் ஷஹாமத் அலி. மோகன்லால் அலெக்சாண்டர் பர்ன்சுடன் காபூல் வழியாகப் புகாரா வரை சென்றார். அந்தப் பயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். ஷஹாமத் அலி பஞ்சாப், ஆப்கானிஸ்தான் எல்லையில் கம்பெனியின் அரசியல் பணியில் இருந்து, அவரும் ஆங்கிலத்தில் எழுதினார். பாரசீகத்தைப் பிறந்த வீட்டிலும் ஆங்கிலத்தை வகுப்பிலும் கற்ற இத்தகைய இளைஞர்கள் கம்பெனிக்கு மிகவும் வேண்டியவர்களாக இருந்தனர்.

ஆங்கிலப் பிரிவின் வெற்றிக்கு இப்படி ஓர் அளவுகோல் முதலிலேயே வந்து சேர்ந்தது. பிரிவு எத்தனை பேரை வேலைக்கு அனுப்பியது என்பதே அந்த அளவுகோல். 1837இல் பாரசீகம் அரசு அலுவல் மொழி என்ற இடத்தை இழந்தது. வடமேற்கு மாகாணங்களின் நீதிமன்றங்களில் அதன் இடத்திற்கு உருது வந்தது. 1844இல் ஆளுநர் தலைவர் ஹார்டிஞ்ச், அரசு வேலைகளில் ஆங்கிலம் படித்தவர்களுக்கு முன்னுரிமை என்று அறிவித்தார். ஆங்கிலம் படித்தால் வேலை உண்டு என்பது இனி ஊரறிந்த செய்தி. ஆனால் வேலைக்காகப் படிப்பவர் வேலை கிடைத்தவுடன் படிப்பை விட்டுவிடுவார். அக்காலக் கல்வி அதிகாரிகள் மாகாணம் தோறும் முன்வைத்த முறையீடு இது.

மறுபுறம், கீழைமொழிப் பிரிவின் மாணவர்களுக்கு வழங்கப்பட்டுவந்த உதவித்தொகையை 1835ஆம் ஆண்டுத் தீர்மானம் தடுத்தது. அந்தப் பிரிவு தானாகவே மறைந்துவிடும் என்று கல்கத்தாவில் சிலர் எதிர்பார்த்தனர். 1839இல் ஆக்லாந்தின் குறிப்பு அந்த இறுக்கத்தைத் தளர்த்திக் கீழைமொழிக் கல்விக்கான நிதியை ஓரளவு மீட்டுக்கொடுத்தது. அப்படித் தப்பிய அந்தப் பிரிவிலிருந்துதான் தில்லிக் கல்லூரியின் பெயரை இன்றுவரை நிலைநிறுத்தியவர்கள் பலர் வந்தார்கள்.

3. சுவருக்கு இரு புறமும்

ஆங்கிலப் பிரிவும் கீழைமொழிப் பிரிவும் நெடுநாள் தனித்தனியே நடந்தன. பாடத்திட்டம் வேறு, ஆசிரியர் வேறு, மாணவர் வேறு. ஆங்கிலப் பிரிவில் ஆங்கில இலக்கியம், வரலாறு, கணிதம், இயற்கை அறிவியல் ஆகியவை ஆங்கில வழியில் கற்பிக்கப்பட்டன. கீழைமொழிப் பிரிவில் அரபுத் துறைக்கு மௌலானா மம்லூக் அலி தலைமை தாங்கினார். தியோபந்த் மதரசாவை 1866இல் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான முகமது காசிம் நானோத்வி அவரிடம் பயின்றவர். பாரசீகத்திற்கு இமாம் பக்ஷ் சஹ்பாய் இருந்தார். பாரசீகப் பேராசிரியர் பதவியை முதலில் கவிஞர் காலிபுக்கு அளிக்க முன்வந்ததாகவும், நேர்காணச் சென்ற தம்மை ஆங்கிலேய அதிகாரி தாம்சன் வாசலுக்கு வந்து வரவேற்காததால் காலிப் பல்லக்கைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டதாகவும் முகமது உசேன் ஆசாத் எழுதியிருக்கிறார். பழைய மரியாதைகளும் புதிய உத்தியோக முறையும் மோதிய இடமாகவும் கல்லூரி இருந்தது என்பதற்கு இந்தக் கதை சான்று.

நகரத்தின் பிற்பகுதி கல்லூரியை எப்படிப் பார்த்தது என்பதற்கு அல்தாஃப் உசேன் ஹாலியின் நினைவு உதவுகிறது. 1850களில் கல்விக்காகத் தில்லி வந்து தங்கியிருந்த ஹாலி, அந்தக் கல்லூரியை எட்டிப் பார்க்கக்கூட இல்லை என்று பின்னாளில் எழுதினார். அவர் பழகிய கற்றோர் வட்டத்தில் ஆங்கிலப் பள்ளிகள் அறியாமையின் இருப்பிடங்கள் எனக் கருதப்பட்டன. பின்னர் நவீன உருதுக் கவிதைக்கே வழிகாட்டியான ஒருவர், தம் இளமையில் சில தெருக்களுக்கு அப்பால் இருந்த ஒரு நூலகத்தை இழந்தார். ஆங்கிலப் பிரிவு தனக்குள் எவ்வளவு நன்றாக நடந்தாலும், சுவருக்கு அப்பால் இருந்தவர்களை அது எட்டவில்லை.

இந்தச் சுவரில் வாயிலொன்றைத் திறக்க முயன்றவர்கள் 1840களின் முதல்வர்கள். 1841இல் முதல்வரான ஃபெலிக்ஸ் பூத்ரோஸ், பிரெஞ்சு மரபினர். ஐரோப்பிய அறிவை ஆங்கிலம் அறியாத மாணவரிடம் சேர்க்க வேண்டுமானால், நூல்கள் உருதுவில் வேண்டும் என்று அவர் கருதினார். அவர் காலத்தில் தொடங்கிய தாய்மொழி மொழிபெயர்ப்புச் சங்கத்தின் முயற்சியால் கணிதம், வானியல், வேதியியல், வரலாறு, பொருளியல், சட்டம் முதலிய துறைகளில் நூற்றுக்கு மேற்பட்ட நூல்கள் உருதுவில் உருவாயின. கலைச்சொற்களுக்குப் பூத்ரோஸ் ஒரு நெறிமுறையே வகுத்தார். பொருத்தமான உருதுச் சொல் இருந்தால் அதையே ஆள்வது, இல்லாவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தயக்கமின்றி எடுத்துக்கொள்வது என்பது அதன் சாரம். அவருக்குப் பின் 1845இல் வந்த ஆஸ்திரியரான அலாய்ஸ் ஷ்பிரெங்கர் அரபு அறிஞர். அவர் இந்தப் பணியைத் தொடர்ந்ததோடு, கல்லூரியிலிருந்து ஓர் உருது வார இதழையும் வெளிக்கொணர்ந்தார்.

இதில் ஆங்கிலப் பிரிவின் பங்கு என்ன என்பதைக் கவனிக்க வேண்டும். நூல்களை மொழிபெயர்க்க ஆங்கிலம் ஆழமாகத் தெரிந்தவர்கள் தேவை. அவர்களை உருவாக்கியது ஆங்கிலப் பிரிவு. அவர்கள் செய்த மொழிபெயர்ப்பு நல்ல உருதுவாக இருக்க வேண்டுமானால் அரபும் பாரசீகமும் கற்றோரின் துணை தேவை. அவர்கள் கீழைமொழிப் பிரிவில் இருந்தார்கள். இரண்டு பிரிவுகளுக்கும் ஒன்று மற்றதிடம் தேவைப்பட்டது அப்போதுதான் வெளிப்பட்டது.

4. மாஸ்டர் ராமச்சந்திரா

இந்த வாயிலில் நெடுங்காலம் நின்றவர் ராமச்சந்திரா. 1821இல் பானிபட்டில் ஒரு காயஸ்தக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை அரசு வருவாய்த் துறை ஊழியர். ராமச்சந்திரா சிறுவனாக இருந்தபோதே தந்தை இறந்ததால் குடும்பம் வறுமையில் வீழ்ந்தது. 1833இல் தில்லியின் ஆங்கிலப் பள்ளியில் சேர்ந்தார். இடையில் படிப்பை விட்டு எழுத்தர் வேலைக்குப் போனார். குடும்பம் அப்படி. பின்னர் உயர்நிலை உதவித்தொகை பெற்றுக் கல்லூரிக்குத் திரும்பினார். 1844இல் ஆசிரியரானார்.

அவருக்குக் கிடைத்த பணியிடம் குறிப்பிடத்தக்கது. ஆங்கிலப் பிரிவில் படித்த அவர், கீழைமொழிப் பிரிவில் ஐரோப்பிய அறிவியல் ஆசிரியராக அமர்த்தப்பட்டார். பயிற்றுமொழி உருது. பாடநூல்களில் சில அவரே மொழிபெயர்த்தவை. அவர் தம் வரலாற்றுக் குறிப்பில் அந்த வகுப்பை நினைவுகூர்ந்திருக்கிறார். அரபு நூல்கள் வழி வந்த பழைய தத்துவக் கருத்துகள், சோதனையால் நிறுவப்படும் புதிய கொள்கைகளின் முன் மங்கத் தொடங்கியதையும், உயர் வகுப்பு மாணவர்கள் அதில் மகிழ்ந்ததையும், மரபு வழி நின்ற அறிஞர்களுக்கு அது உவப்பாக இல்லாததையும் அவர் பதிவுசெய்தார்.

வகுப்பில் பேசியவற்றை அவர் நகரத்துக்கும் கொண்டுபோனார். 1845இல் தொடங்கிய ‘ஃபவாயித்-உன்-நாசிரீன்’, 1847இல் தொடங்கிய ‘முஹிப்-இ-ஹிந்த்’ ஆகிய உருது இதழ்களில் அறிவியல், வரலாறு, மூடநம்பிக்கைக் கண்டனம், பெண்கல்வி எனப் பலவற்றை எளிய நடையில் எழுதினார். உருதுவில் கட்டுரை என்னும் உரைநடை வடிவம் உருவான வரலாற்றில் இந்த இதழ்களுக்குத் தனியிடம் உண்டு. அணிகளும் அடுக்குமொழியும் நிறைந்த உரைநடைக்குப் பழகிய மொழியில், ஒரு கருத்தை விளக்குவதற்கென்றே எழுதப்பட்ட தொடர்கள் அவை.

1850இல் அவர் தம் சொந்தச் செலவில் கல்கத்தாவில் ஒரு கணித நூலை ஆங்கிலத்தில் அச்சிட்டார். பெருமம், சிறுமம் காணும் கணக்குகளை நுண்கணிதத்தின் துணையின்றி இயற்கணிதத்தால் மட்டுமே தீர்க்கும் முறையை அது விளக்கியது. நுண்கணிதம் ஐரோப்பாவில் நிலைபெற்றுவிட்ட பிறகு இது எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. கல்கத்தாவில் வந்த மதிப்புரை கடுமையாக இருந்தது. ஆனால் ராமச்சந்திராவின் நோக்கம் வேறு. இந்தியக் கணித மரபில் பாஸ்கரரின் ‘பீஜகணிதம்’ வழியாக இயற்கணிதத்திற்கு ஆழ்ந்த வேர் உண்டு. மாணவனிடம் ஏற்கெனவே உள்ள அந்தத் திறனிலிருந்து தொடங்கினால், புதிய கணிதத்தின் வாசலுக்கு அவனை அழைத்துவர முடியும் என்று அவர் கருதினார். லண்டன் கணித அறிஞர் அகஸ்டஸ் டி மார்கன் அதைப் புரிந்துகொண்டார். அவர் முயற்சியால் 1859இல் அந்நூல் அவருடைய முன்னுரையோடு லண்டனில் மறுபதிப்பாயிற்று.

ராமச்சந்திராவின் மொத்தப் பணியையும் புரிந்துகொள்ள இந்த நூல் ஒரு திறவுகோல். ஆங்கிலத்தின் வழியாகத் தமக்குக் கிடைத்ததை, ஆங்கிலம் கிடைக்காத மாணவனுக்குத் தெரிந்த மொழியிலும், தெரிந்த முறையிலும் கொண்டுசேர்ப்பதையே அவர் தம் வாழ்நாள் வேலையாகக் கொண்டார். அவருடைய பெயருக்கு முன் நிலைத்துவிட்ட அடைமொழியும் பள்ளிக்கூடச் சொல்தான். உருது உலகம் இன்றும் அவரை மாஸ்டர் ராமச்சந்திரா என்றே அழைக்கிறது.

5. யார் பயன் பெற்றார்கள்?

தில்லிக் கல்லூரி உருவாக்கிய பெயர்களை வரிசைப்படுத்தினால் வியப்பொன்று காத்திருக்கிறது. உருதுவின் முதல் நாவலாசிரியர் எனப் போற்றப்படும் நசீர் அகமது, இலக்கிய வரலாற்றாசிரியர் முகமது உசேன் ஆசாத், கணிதமும் வரலாறும் எழுதிக் குவித்த ஜகாவுல்லா ஆகிய மூவரும் கீழைமொழிப் பிரிவின் மாணவர்கள். நசீர் அகமது ஆங்கிலப் பிரிவில் சேர அவருடைய தந்தை இசையவில்லை. அவர் பின்னாளில் சொந்த முயற்சியால் ஆங்கிலம் கற்று, இந்தியத் தண்டனைச் சட்டத்தை உருதுவாக்கிய குழுவில் இடம்பெற்றார். 1869இல் வெளியான அவருடைய ‘மிராத்-உல்-உரூஸ்’ அரசுப் பரிசு பெற்றது. ஜகாவுல்லா, ராமச்சந்திராவின் அன்புக்குரிய கணித மாணவர். பிற்காலத்தில் அவருடைய வாழ்க்கையை சி. எஃப். ஆண்ட்ரூஸ் நூலாக எழுதினார்.

ஆங்கிலம் படித்தவர்கள் பெரும்பாலும் அலுவலகங்களுக்குப் போனார்கள். ஆங்கிலம் படிக்காதவர்கள், ஆங்கிலம் கொண்டுவந்த அறிவைத் தம் மொழியில் பெற்று, அந்த மொழியையே மாற்றினார்கள். இதிலிருந்து ஆங்கிலப் பிரிவு தேவையற்றது என்று முடிவுகட்டுவது தவறு. ஆங்கிலப் பிரிவு இல்லையேல் ராமச்சந்திரா இல்லை. அவர் இல்லையேல் ஜகாவுல்லாவின் கணிதம் இல்லை. அந்தப் பிரிவு செய்த மிகச் சிறந்த வேலையின் பலன் அதன் சொந்தத் தேர்வு முடிவுகளில் தெரியவில்லை என்பதே உண்மை. அதைக் காண வேண்டுமானால் அடுத்த அறைக்குள் பார்க்க வேண்டும்.

6. நம்பிக்கை உடைந்த இரு தருணங்கள்

இந்த ஏற்பாடு நகரத்தின் நம்பிக்கையைச் சார்ந்திருந்தது. 1852 ஜூலையில் ராமச்சந்திராவும், மருத்துவரான அவருடைய நண்பர் சமன் லாலும் கிறித்தவராக ஞானஸ்நானம் பெற்றனர். நகரம் அதிர்ந்தது. பெற்றோர் சிலர் பிள்ளைகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்தினர். ஆங்கிலம் படித்தால் மதம் மாறுவார்கள் என்ற பழைய அச்சத்திற்கு, கல்லூரியின் மிகப் புகழ்பெற்ற ஆசிரியரே சான்றாகிவிட்டார். ராமச்சந்திராவின் மனமாற்றம் அவருடைய நேர்மையான தேடலின் முடிவு. ஆயினும் ஒரு பொது நிறுவனத்தின் ஆசிரியர் தம் மாணவர்களின் குடும்பங்களிடம் ஈட்டியிருந்த நம்பிக்கை அவருடைய தனி உடைமையாக மட்டும் இருக்கவில்லை. அதன் இழப்பைக் கல்லூரியும் சுமந்தது.

இரண்டாவது தருணம் 1857 மே 11. கிளர்ச்சிப் படை நகருக்குள் நுழைந்ததும் கல்லூரி முதல்வர் டெய்லர் கொல்லப்பட்டார். சமன் லாலும் அன்றே கொல்லப்பட்டார். ராமச்சந்திரா ஒளிந்து உயிர் தப்பினார். கல்லூரி நூலகம் சூறையாடப்பட்டது. ஆங்கில நூல்களின் தோல் அட்டைகள் உரிக்கப்பட்டு ஏடுகள் தரையெங்கும் இறைந்து கிடந்ததையும், அரபு, பாரசீகச் சுவடிகள் மூட்டை மூட்டையாகப் பழைய புத்தக வணிகர்களிடம் போனதையும் மௌல்வி அப்துல் ஹக் கல்லூரி பற்றிய தம் நூலில் விவரித்துள்ளார். செப்டம்பரில் ஆங்கிலேயர் நகரைக் கைப்பற்றியபின் பழிவாங்கல் தொடங்கியது. பாரசீக ஆசிரியர் சஹ்பாய் தம் மைந்தரோடு சுட்டுக் கொல்லப்பட்டார். ஆசாத்தின் தந்தையும், கல்லூரியில் ஒருகாலத்தில் கற்பித்தவரும், ‘தில்லி உருது அக்பார்’ ஆசிரியருமான முகமது பாக்கிருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. சுவரின் இரு புறத்திலும் ஆசிரியர்கள் கொல்லப்பட்டார்கள், வெவ்வேறு கைகளால்.

ராமச்சந்திரா ஆங்கிலேயர் பக்கம் இருந்தவர், கிறித்தவர், அரசு ஊழியர். அப்படியிருந்தும் மீட்கப்பட்ட தில்லியின் தெருவில் அவர் நிறத்தை மட்டுமே பார்த்த ஓர் ஆங்கிலேய அதிகாரி அவரைத் தடியால் தலையில் அடித்தார். தாம் கிறித்தவர் என்று அவர் சொன்னதும் பயன்படவில்லை. இதை அவர் அதிகாரிகளுக்கு முறையீடாக எழுதினார். பதின்மூன்று ஆண்டுகளாக ஆங்கிலத்தை அடுத்த அறைக்குக் கொண்டுசென்றவர், ஆங்கிலம் பேசியவரின் தடியின் முன் நின்ற அந்தக் கணம், காலனிய அரசுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்த இந்தியரின் நிலையை வேறெந்த ஆவணத்தையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது.

7. மாவட்டப் பள்ளியும் மூடுவிழாவும்

ரூர்க்கியில் சிறிது காலம் பணியாற்றியபின், 1858இல் ராமச்சந்திரா தில்லியில் புதிதாகத் தொடங்கப்பட்ட மாவட்டப் பள்ளியின் தலைமையாசிரியரானார். மக்கள் பெரும்பகுதி வெளியேற்றப்பட்ட நகரம், கல்லூரி இல்லை, நூலகம் இல்லை, பழைய சகாக்களில் பலர் உயிரோடு இல்லை. அந்த நிலையில் அரசுக் கல்வியை மீண்டும் தொடங்கும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. உடல்நலம் குன்றி 1866இல் ஓய்வுபெறும்வரை அப்பணியில் இருந்தார். பின்னர் பாட்டியாலா சமஸ்தானத்தில் இளவரசரின் ஆசிரியராகவும் கல்வித் துறையின் தலைவராகவும் பணியாற்றி, 1880இல் மறைந்தார்.

இதற்கிடையே 1858இல் தில்லி பஞ்சாப் நிர்வாகத்தின் கீழ் வந்தது. 1864இல் தில்லிக் கல்லூரி மீண்டும் திறக்கப்பட்டது. ஆனால் இம்முறை அது கல்கத்தா பல்கலைக்கழகத் தேர்வுகளை நோக்கிய கல்லூரி. உருது வழியே உயர் அறிவியல் கற்பித்த பழைய பிரிவு மீளவில்லை. ஆங்கிலம் நிலைத்தது, அடுத்த அறை போய்விட்டது. 1877இல் செலவைக் காரணம் காட்டி அந்தக் கல்லூரியை மூடி லாகூர் அரசுக் கல்லூரியோடு இணைத்தார்கள். நகரத்தார் எதிர்த்தனர். பயன் கிட்டவில்லை. 1881இல் கேம்பிரிட்ஜ் பணிக்குழு தொடங்கிய செயின்ட் ஸ்டீபன் கல்லூரி அந்த வெற்றிடத்தில் வளர்ந்தது. அஜ்மேரி வாயில் வளாகம் ஆங்கிலோ அரபிப் பள்ளியின் இடமாயிற்று. இன்றும் அங்கே மேல்நிலைப் பள்ளி நடக்கிறது. பழைய கல்லூரியின் மரபைச் சாகிர் உசேன் தில்லிக் கல்லூரி தனதெனக் கொண்டாடுகிறது.

1864க்கும் 1877க்கும் இடைப்பட்ட கல்லூரி, கல்வித் தரத்தில் முந்தையதைவிடத் தாழ்ந்தது என்று கூற முடியாது. அதன் மாணவர்கள் பல்கலைக்கழகத் தேர்வுகள் எழுதினர். ஆயினும் அதனை மூடியபோது லாகூருக்கு எளிதில் எடுத்துச் செல்ல முடிந்தது. தேர்வும் பாடத்திட்டமும் எந்த ஊரிலும் ஒன்றுதான். 1840களின் கல்லூரியை அப்படி எடுத்துச் சென்றிருக்க முடியாது. மொழிபெயர்ப்பாளரும், மௌல்விகளும், அச்சகங்களும், இதழ்களும், அவற்றைப் படித்த தெருக்களும் சேர்ந்தே அந்தக் கல்லூரி.

8. தமிழ்ச் சூழலோடு ஓர் ஒப்பீடு

இதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டைச் செமினரி (1823–1855) ஆங்கிலத்தையும் தமிழையும் ஒருசேரக் கற்பித்தது. ஆங்கிலம் கற்றோர் அரசு வேலைக்கே போகிறார்கள், சமயப்பணிக்கு வருவதில்லை என்ற மனக்குறை வலுத்து, அமெரிக்க மிஷன் அதனை 1855இல் மூடியது. தில்லியில் வேலைவாய்ப்பு ஆங்கிலப் பிரிவுக்கு வலிமை தந்தது. வட்டுக்கோட்டையில் அதே வேலைவாய்ப்பு அந்த நிறுவனத்தின் முடிவுக்குக் காரணமாயிற்று. ஆயினும் அதன் மாணவரான சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவரானார், பின்பு பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். ஆங்கிலக் கல்வியின் பலன் இங்கும் அடுத்த அறையில்தான் விளைந்தது. அதே யாழ்ப்பாணத்தில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, நூல்களையும் கலைச்சொற்களையும் உருவாக்கினார். தில்லி மொழிபெயர்ப்புச் சங்கத்திற்கு நம்மிடையே உள்ள மிக நெருங்கிய இணை அது.

சென்னையில் 1841இல் பவல் தலைமையில் தொடங்கிய உயர்நிலைப் பள்ளி வேறு வழியில் சென்றது. ஆங்கில வழிக் கல்வியையே அடித்தளமாகக் கொண்டு அது வளர்ந்து மாநிலக் கல்லூரியானது. நிலைத்து நின்றது அந்த மாதிரிதான். தமிழில் அறிவியல் கற்பிக்கும் முயற்சி பல்கலைக்கழக அளவில் வலுப்பெற அடுத்த நூற்றாண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

9. நிறைவாக

தில்லிக் கல்லூரியின் வரலாற்றைப் பொற்காலக் கதையாக வாசிப்பது பொருந்தாது. அந்த மொழிபெயர்ப்புகள் எல்லாம் சிறந்தவை அல்ல. பல நூல்கள் கல்லூரிக்கு வெளியே பரவலாகப் படிக்கப்பட்டதாகவும் சொல்ல முடியாது. பெண்களுக்கு அங்கு இடமில்லை. மாணவர்களில் பெரும்பாலோர் எழுத்துத் தொழிலுக்குப் பழகிய வகுப்புகளிலிருந்தும் கற்றோர் குடும்பங்களிலிருந்தும் வந்தவர்கள். காலனிய ஆட்சியின் தேவையே அதன் இருப்புக்குக் காரணம், அந்த ஆட்சியின் முடிவே அதன் மறைவுக்கும் காரணம்.

இத்தனை வரம்புகளுக்குள்ளும் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் அங்கே ஒரு வேலை நடந்தது. ஆங்கிலத்தைத் தம் மாணவர்க்கு மட்டும் உரிய படிக்கட்டாக வைத்துக்கொள்ளாமல், அந்த மொழி எட்டாத மாணவர்க்கும் அதன் பயனைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை ஆங்கிலப் பிரிவு ஏற்றது. அந்தப் பொறுப்பு கைவிடப்பட்ட பிறகு, பிரிவு நன்றாக நடந்தும் நகரம் அதை இழக்க நேர்ந்தது.

இன்று தில்லியானாலும் தமிழ்நாடானாலும் அரசுப் பள்ளி ஒன்றின் ஆங்கிலத் துறை தேர்ச்சி விழுக்காட்டால் அளக்கப்படுகிறது. வேலைக்குப் போனவர்களின் எண்ணிக்கையால் 1830களில் அளந்ததன் தொடர்ச்சியே அது. அந்த அளவுகோல் பொய்யன்று, முழுமையானதும் அன்று. ஆங்கில ஆசிரியரின் உழைப்பால் அதே பள்ளியின் அறிவியல் வகுப்பிலும் வரலாற்று வகுப்பிலும் தாய்மொழி வகுப்பிலும் என்ன மாறியது என்ற கேள்வியையும் சேர்த்தால்தான் கணக்கு நிறைவுறும். 1844இல் ராமச்சந்திரா ஆங்கிலப் பிரிவிலிருந்து அடுத்த அறைக்குப் போய் உருதுவில் பாடம் தொடங்கியபோது, அந்தக் கேள்விக்கான முதல் விடையை எழுதத் தொடங்கினார்.